ஆயர் பணிக்குச் செல்ல விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? – மதுரைப் பகுதி

வாடிப்பட்டி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வாடிப்பட்டிக்கு அருகிலுள்ள தென்னிந்தியத் திருச்சபைச் சபை ஒன்றைச் சேர்ந்தவன். வணிகவியலில் பட்டம் பெற்று, இப்போது மதுரையில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் கணக்கு எழுதி வருகிறேன். ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் பொறுப்பில் இருக்கிறேன். ஆயராக வேண்டும் என்ற எண்ணம் பள்ளிப் பருவம் முதலே என்னுள் இருக்கிறது. ஆனால் அதற்குரிய வழி எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்.

அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கு நானே விண்ணப்பித்து, சொந்தச் செலவில் பி.டி. என்னும் இறையியல் பட்டத்தை முடித்துவிட்டு, அதன்பின் திருமண்டலத்தை, அதாவது பேராயரின் கீழுள்ள திருச்சபை வட்டார நிர்வாகத்தை, அணுகினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் பதினெட்டே மாதங்களில் பட்டமும் கொடுத்து, பெயருக்கு முன்னால் 'ரெவரெண்ட்' என்று போட்டுக்கொள்ளவும் அனுமதிக்கும் வேதாகமக் கல்லூரி ஒன்றின் துண்டறிக்கையைக் கையில் கொடுத்தார். என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்க நண்பரோ, தம் தம்பி குருமடத்தில் சேர்ந்து பத்தாண்டுகள் கடந்தும் இன்னும் குருப்பட்டம் பெறவில்லை என்கிறார். ஒரே ஊழியத்துக்கு இவ்வளவு வேறுபட்ட கால அளவுகள் எப்படி இருக்க முடியும்? வேலையை விட்டுவிடலாமா, கூடாதா என்பதையும் நான் விரைவில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. என் சம்பளத்தில்தான் அம்மாவின் மருந்துச் செலவு நடக்கிறது.


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

தம்பி, முதலில் வேலையை விட வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்கு விடுப்புகூடத் தேவையில்லை. உங்கள் சேகரத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பின், ஆயரைப் பார்த்து, உங்கள் எண்ணத்தைச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து ஜெபித்துப் பேசினால் போதும்.

நீங்கள் குறிப்பிட்ட முதல் நண்பர் இரண்டு அதிகாரங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார். பி.டி. பட்டத்தைக் கொடுப்பது செராம்பூர் கல்லூரியின் செனட். குருத்துவ அபிஷேகத்தைக் கொடுப்பது திருச்சபை. அதாவது, சபையின் சம்மதத்தோடு பேராயர் தம் கைகளை வைத்துக் கொடுப்பது. பட்டம் பெற்றவர் எல்லாரையும் அபிஷேகம் செய்தே தீர வேண்டும் என்ற கடமை எந்தப் பேராயருக்கும் கிடையாது. சொந்தச் செலவில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறி, அதன்பின் திருமண்டல அலுவலகத்தின் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் நல்ல பணி செய்கிறார்கள் என்றாலும், அவர்கள் கனவு கண்டது அதுவன்று.

எங்கள் வழக்கில் வரிசை இப்படித்தான் அமையும். அழைப்பு உண்டு என்பதை முதலில் உங்களை அன்றாடம் பார்க்கிற சபையார் உணர வேண்டும். சேகரக் குழு உங்கள் பெயரை ஒரு தீர்மானமாக எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அதன்பின் திருமண்டலத்தின் தேர்வு. வேத அறிவில் எழுத்துத் தேர்வு, நேர்காணல், பல திருமண்டலங்களில் ஒரு சிறு பிரசங்கமும் உண்டு. தேர்வானவரைச் சில காலம் ஒரு கிராமச் சபையில் ஊழியராக வைத்துப் பார்ப்பதும் உண்டு. சில திருமண்டலங்களில் அது கட்டாயம், சிலவற்றில் இல்லை. பிறகுதான் திருமண்டலம் தன் மாணவராக உங்களைக் கல்லூரிக்கு அனுப்பும். படிப்பு முடிந்து திரும்பியபின் ஒரு தகுதிகாண் காலம், பின்னர் டீக்கன் என்னும் உதவி குரு பட்டம், அதற்கும் பிறகு பிரஸ்பிட்டர் என்னும் முழுக் குருப்பட்டம். உதவி குருவாக இருக்கும்வரை ஜெபம் நடத்தலாம், பிரசங்கிக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம்; திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் பிரதிஷ்டை செய்ய இயலாது.

நேர்காணலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் தேர்வுக் குழுவில் அமர்ந்திருந்த நாட்களில், வேதாகமத்தில் எத்தனை நூல்கள் என்ற வகையான கேள்விகளை நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, இறந்தவர் சபையின் அங்கத்தினர், மூத்த மகன் கிறிஸ்தவரல்லர், கொள்ளி வைக்க வேண்டும் என்று அவர் வாசலில் நிற்கிறார், பறையடிப்பவர்கள் வந்துவிட்டார்கள், நீங்கள் அங்கியோடு தெருமுனையில் வருகிறீர்கள். முதலில் யாரிடம் போவீர்கள் என்று கேட்பேன். வசனம் சொல்லத் தொடங்குகிறவர்கள் அதிகம். இறந்தவரின் மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திருப்பிக் கேட்ட ஒரு பையனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்; அவருடைய கிரேக்கம் பின்னாளில் மிகச் சுமாராகத்தான் இருந்தது.


அரசரடி மாணவி எழுதியது:

ஐயா கூறியவற்றோடு கல்லூரிப் பக்கத்துச் செய்திகளை நான் சேர்க்கிறேன். நான் பி.டி. இறுதியாண்டில் இருக்கிறேன்.

தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் நாசரேத் பக்கம் திருமறையூரில் இயங்கிய இறையியல் கல்லூரியின் மரபும் இங்கே வந்து சேர்ந்தது. இறையியலைப் பட்டப்படிப்பு நிலையில் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வெழுதலாம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலம். நல்ல கல்லூரிதான், ஆனால் அங்கே எழுதிப் பழகிய சிந்தனையைத் திரும்பி வந்து கிராமத்துப் பிரசங்க மேடையில் தமிழாக்கிச் சொல்வதற்கே சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. இது என் கருத்து. பெங்களூர் நண்பர்கள் பொறுத்தருள்க.

வேறொரு துறையில் பட்டம் பெற்றவருக்கு பி.டி. நான்கு ஆண்டுகள், மேல்நிலைக் கல்வியோடு சேருபவருக்கு ஐந்து ஆண்டுகள். எனவே வாடிப்பட்டி அண்ணனுக்கு நான்கு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், அறநெறி, திருச்சபை வரலாறு, சமயங்கள், சமூக ஆய்வு, பெண்ணியப் பார்வை, அருளுரையியல், வழிபாட்டியல், ஆற்றுப்படுத்தல் ஆகியவை பாடங்கள். எபிரேயம் அல்லது கிரேக்கம் படிக்க வேண்டும். கணக்கு எழுதிப் பழகியவருக்கு எபிரேய வினைச்சொற்களின் அட்டவணைகள் அச்சம் தரமாட்டா என்று நம்புகிறேன்.

ஆனால் எங்களை மாற்றுவது வகுப்பறை மட்டுமன்று. வார இறுதிகளில் ஒவ்வொருவரும் ஒரு சபைக்குப் பொறுப்பாக அனுப்பப்படுகிறோம். சனிக்கிழமை பிற்பகலில் நகரப் பேருந்தில் கிளம்பி, மாலையில் வீடுகளைச் சந்தித்து, இரவு யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ ஆலயத்து அறையிலோ தங்கி, ஞாயிறு காலையில் பிரசங்கம் செய்ய வேண்டும். நான் முதலில் கொண்டுபோன பிரசங்கத்தில் விடுதலைப் பயண நூலின் மூல ஆதாரங்களைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, செங்கல் அறுத்தவங்களப் பத்திச் சொன்னியே, அதை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் செங்கல் காளவாசலில் வேலை செய்தவர் என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரியவந்தது. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களைப் பற்றிய என் மூன்று வரிகளுக்கு அவரிடம் முப்பது வருடத்து உரை இருந்தது.

மாணவர்கள் ஒரு காலம் வளாகத்தை விட்டு வெளியேறி, ஏழை எளியவர்கள் வாழும் குடியிருப்புகளில் வாடகைக்குக் குடியிருந்து படிக்கும் முறையும் இந்தக் கல்லூரியின் நீண்டகால மரபு. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறபோது, நீங்கள் இறையியல் மாணவர் என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. பறட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு இங்கே கற்பித்து, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டை அமைத்ததற்குப் பின்புலமாக இருந்ததும் இதே மண்தான். அவர் இசை இன்றும் எங்கள் வளாகத்தில் ஒலிக்கிறது.

பெண்களுக்கு வழி உண்டா என்று யாரும் கேட்கவில்லை, எனினும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் கொடுத்து வருகிறது. 2013இல் நந்தியால் பேராயராக புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றார். சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. சேகரக் குழுவில் ஒரு பெண்ணின் பெயரை முன்மொழிய ஒருவரும், வழிமொழிய இன்னொருவரும் கிடைப்பதுதான் இன்றும் கடினமான படி.


சேகரப் பொருளாளர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நான் கேட்க விரும்புவது வேறு. எங்கள் சேகரத்தில் ஒரு தலைமைச் சபையும் அதைச் சுற்றிப் பல கிராமச் சபைகளும் இருக்கின்றன. ஆயர் ஒருவரே. அவர் மோட்டார் சைக்கிளில் எவ்வளவு விரைந்து ஓடினாலும், கடைக்கோடிச் சபைகளுக்கு மாதம் ஒருமுறை திருவிருந்து கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் கிராமங்களில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துவதும், நோயாளியின் கட்டிலருகே உட்காருவதும், நள்ளிரவில் சாவு வீட்டுக்குப் போவதும் உபதேசியார்தான். அவருக்கு அபிஷேகம் இல்லை என்பதால் அப்பத்தை மட்டும் அவர் தொட முடியாது. நான்கு ஆண்டு படித்துவிட்டு வருகிறவரோ மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுகிறார்.

இதை நான் குறைசொல்வதற்காக எழுதவில்லை. நம்முடைய வரலாற்றிலேயே வேறு வழி இருந்தது என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இங்கே வந்தது. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்ட செமினரியில் ஊர்ப்புறச் சபைகளுக்கான உபதேசியார்களையும் ஆசிரியர்களையும்தான் முதலில் உருவாக்கினார்கள். அதற்கும் முன்னே தரங்கம்பாடியில் 1733இல் அபிஷேகம் பெற்ற ஆரோன், தமிழர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு, கல்லூரிப் பட்டதாரி அல்லர். பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது மதுரை–இராமநாதபுரத்தின் பேராயராகப் பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகின், ஒவ்வொரு கிராமச் சபையும் தன்னிலிருந்தே தன் தலைவர்களைப் பெற வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1959 வரை இங்கிருந்து அவர் சொன்னதை நாம் இன்னும் பாதிகூடச் செய்யவில்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே வாடிப்பட்டித் தம்பியிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வேலையிலேயே இருந்துகொண்டு, உங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு, ஊழியம் செய்யும் வழியை ஏன் யோசிக்கக் கூடாது?


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

பொருளாளர் ஐயா சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். எங்கள் திருச்சபையில் கௌரவ ஆயர் என்ற நிலை உண்டு. பள்ளித் தலைமையாசிரியராகவோ வங்கி அலுவலராகவோ இருந்துகொண்டே, முறையான பயிற்சி பெற்று, ஊதியமின்றிக் குருப்பட்டம் பெற்றவர்கள் பல திருமண்டலங்களில் பணியாற்றியிருக்கிறார்கள். அதற்கான படிப்புக்கும் வழி இருக்கிறது. செராம்பூரின் வழியாகவே வெளிமாணவராகக் கிறிஸ்தவக் கல்வியில் பட்டயமும் இளங்கலைப் பட்டமும் படிக்கலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டி என்னும் விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம் 1971 முதல் வீட்டிலிருந்தே படித்து, குழுவாகக் கூடி விவாதிக்கும் பாடங்களை நடத்தி வருகிறது. அரசரடிக் கல்லூரிக்கும் திருச்சபையின் சாதாரண உறுப்பினர்களுக்கான விரிவாக்கக் கல்வித் திட்டம் இருக்கிறது.

மற்றப் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. உள்ளூர்க்காரரையே உள்ளூருக்கு ஆயராக வைத்தால், அவருடைய பங்காளிச் சண்டையும் அவரோடு பலிபீடத்துக்கு வரும். ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில், ஒரு தெருவில் பிறந்தவர் கையிலிருந்து மறுதெருக்காரர் அப்பம் வாங்குவாரா? சாதி நம் சபைகளின் வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுவதில்லை என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. மாற்றல் என்ற ஏற்பாடு சபைக்குத் தொல்லைதான். ஆனால் யாருக்கும் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வந்து நிற்பதால் தீர்ந்த வழக்குகளையும் நான் கண்டிருக்கிறேன். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பல ஊர், பல சாதி, பல திருச்சபைப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உண்டு, ஒரே அறையில் படுத்து எழுவதன் பயனும் இங்கேதான் தெரியும். அதை அஞ்சல் வழியில் அனுப்ப முடியாது.

ஆரோனைப் பற்றி ஒரு சொல். தரங்கம்பாடியில் 1716இலேயே ஊழியர் பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் தமிழருக்குக் குருப்பட்டம் 1733இல்தான் கிடைத்தது. அவ்வளவு காலம் ஆனதில் வெள்ளையர்களின் தயக்கமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆரோன் படிக்காதவர் என்பதற்காக அல்ல, பல ஆண்டுகள் சபைகளின் கண்முன்னே சோதிக்கப்பட்டவர் என்பதற்காகவே அவர் பெயர் நிலைத்தது. பதினெட்டு மாதத் துண்டறிக்கைக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க இயலாது.


சேகரப் பொருளாளர் எழுதியது:

துண்டறிக்கைக்காக நான் வாதாடவில்லை, ஐயா. சோதிக்கப்பட்டவர் என்பதே தகுதியானால், எங்கள் உபதேசியார் தம் தலை நரைக்கும் வரை சோதிக்கப்பட்டிருக்கிறார். சேகரக் குழுவில் அவருக்காக ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். தாங்கள் சொன்ன கௌரவ ஆயர் ஏற்பாட்டின் விதிகளை எங்கே பார்க்கலாம் என்று மட்டும் தெரிவிக்கவும். பங்காளிச் சண்டையைப் பற்றித் தாங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

திருச்சபையின் அமைப்புச் சட்டத்தில் பொதுவிதி இருக்கிறது. நடைமுறை விதிகள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். திருமண்டலச் செயலர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். தீர்மானத்தில் அவர் வயதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.


கருமாத்தூர்ப் பங்குக்காரர் எழுதியது:

கத்தோலிக்கத் திருச்சபையில் ஏன் இத்தனை ஆண்டுகள் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். என் அண்ணன் மறைமாவட்டக் குரு என்பதால், அருகிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

திருச்சபைச் சட்டமே மெய்யியலும் இறையியலும் சேர்த்து முழுமையான ஆறு ஆண்டுகளாவது படிக்க வேண்டும் என்கிறது. ஆனால் குருமட வாழ்க்கை அந்த ஆறோடு முடிவதில்லை. பள்ளிப் படிப்பை முடித்துச் சிறிய குருமடத்தில் சேருகிற பையன், முதலில் தயாரிப்பு ஆண்டில் இருப்பான், பெரும்பாலும் இடையில் ஒரு கல்லூரிப் பட்டமும் முடிப்பான், பின்னர் மெய்யியல், அதன்பின் ஒரு பங்கிலோ பள்ளியிலோ விடுதியிலோ களப்பணி, பிறகு நான்கு ஆண்டு இறையியல். எங்கள் ஊர்க் கருமாத்தூரிலேயே கிறிஸ்து அரங்கம் என்ற மெய்யியல் குருமடம் இருக்கிறது. இறையியலுக்குத் திருச்சி தூய பவுல் குருமடத்துக்கோ பூந்தமல்லி திரு இருதயக் குருமடத்துக்கோ வேறிடங்களுக்கோ ஆயர் (எங்கள் வழக்கில் ஆயர் என்றால் உங்கள் பேராயர்) அனுப்புவார். இயேசு சபை போன்ற துறவற சபைகளில் சேருகிறவர்களுக்குத் தொடக்கமே வேறு: திண்டுக்கல் பெஸ்கி இல்லத்தில் இரண்டு ஆண்டு நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சி, அதன்பின் வார்த்தைப்பாடு என்னும் துறவற உறுதிமொழி, பின்னரே நீண்ட படிப்பு. இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து தமிழும் வடமொழியும் கற்ற காலத்திலிருந்தே, ஆண்டுக்கணக்கில் படிப்பது அவர்களுக்குப் புதிதன்று.

திருத்தொண்டர் (டீக்கன்) பட்டத்துக்கு இருபத்துமூன்று வயதும், குருப்பட்டத்துக்கு இருபத்தைந்து வயதும் நிறைந்திருக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே ஆறு மாத இடைவெளியாவது வேண்டும். மணமாகாமல் வாழ்வதாகத் திருத்தொண்டர் பட்டத்தின்போதே உறுதி ஏற்கிறார்கள். அத்தனை ஆண்டுகளும் ஒருவகையில் அந்த ஒரு உறுதிக்கான கால அவகாசம் என்றே நான் நினைக்கிறேன்; என் அண்ணனோடு சேர்ந்தவர்களில் பலர் இடையிலேயே வெளியேறினார்கள், அதை யாரும் அவமானமாகக் கருதவில்லை. கருதியவர்கள் உறவினர்கள் மட்டுமே.

பட்டத்துக்கு முன் என் அண்ணனுடைய பெயரைப் பங்கு ஆலயத்தில் வாசித்து, ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அப்படித் தெரிவிப்பது இறைமக்களின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, சிறுவயதில் அண்ணன் அவர் தோட்டத்தில் மாங்காய் திருடியதைப் பற்றித் தெரிவிக்கலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பங்குத்தந்தையிடம் கேட்டார். சாமியார் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

சீர்திருத்தச் சபையார் கேட்கும் செலவுக் கேள்விக்கும் ஒரு பதில். மறைமாவட்ட மாணவரின் படிப்புச் செலவின் பெரும்பகுதியை மறைமாவட்டமே ஏற்கிறது. குடும்பம் தன்னால் இயன்றதைக் கொடுக்கும். ஆனால் அவருடைய வருமானத்தை நம்பிய வீடாக இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே அழைத்தல் பணிக்குழு விசாரிக்கும்.


தேனி சாலைப் போதகர் எழுதியது:

நான் ஒரு பெந்தெகொஸ்தே சபையை நடத்துகிறவன். எங்கள் பக்கம் எல்லாமே குறுக்குவழி என்ற எண்ணம் இந்த இழையில் லேசாகத் தென்படுவதால் எழுதுகிறேன்.

எங்களில் பல வகையினர் உண்டு. சில ஐக்கியங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு வேதாகமக் கல்லூரி, பிறகு மூத்த போதகர் ஒருவரின் கீழ் உதவி ஊழியம், பிறகு புதிய ஊரில் சபையை நிறுவிக் காட்டியபின்தான் கைகளை வைத்து அபிஷேகம் என்ற ஒழுங்கு கண்டிப்பாக இருக்கிறது. பெந்தெகொஸ்தே மிஷன் போன்றவற்றில் கல்லூரியே கிடையாது. மணம் செய்யாமல், சொத்து வைத்துக்கொள்ளாமல், விசுவாச வீட்டில் சேர்ந்து வாழ்வதே பயிற்சி. தனிச் சபைகளில் ஒழுங்கு அந்தந்தப் போதகரைப் பொறுத்தது, அங்கேதான் சிக்கலும் வருகிறது.

தம்பி சொன்ன துண்டறிக்கை வகையை நானும் அறிவேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டி முனைவர் பட்டமே வாங்கி வந்தார். சால்வையும் தொப்பியும் போட்டு எடுத்த படம் சுவரொட்டியில் வந்தது. அவரிடம் பழைய ஏற்பாட்டின் ஆபகூக் நூலைத் திறக்கச் சொன்னால் பொருளடக்கத்தைத்தான் திறப்பார். ஆகவே எந்தக் கல்லூரியானாலும், அதன் பட்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். சுவிசேஷக் கல்லூரிகள் பலவற்றுக்கு 1970இல் உருவான ஆசிய இறையியல் சங்கத்தின் தர ஏற்பு உண்டு. அது திருச்சபைகளுக்கும் மேற்படிப்புக்கும் பயன்படும். அரசுப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகராக அதை எண்ணிவிடக் கூடாது.


அரசரடி மாணவி எழுதியது:

போதகர் ஐயா எழுப்பிய ஏற்புக் கேள்விக்குச் சிறு இணைப்பு. வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்ததால், 1827இல் டேனிஷ் அரசர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்து, செனட்டையும் அமைத்தது. நாடெங்கும் பல திருச்சபைகளின் கல்லூரிகள் அந்த ஒரே செனட்டின் கீழ் இணைந்திருப்பதால், மதுரையில் படித்த பி.டி.யைக் கொண்டு எம்.டிஎச். என்னும் இறையியல் முதுகலை படிக்கக் கொல்கத்தாவுக்கோ பெங்களூருக்கோ போகலாம். பட்டத்தைச் சரிபார்க்க விரும்புகிறவர், கல்லூரியின் பெயர் செனட்டின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.


வாடிப்பட்டி வாசகன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கல்லூரிக்கு நேராக விண்ணப்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். வரும் வாரம் ஆயர் ஐயாவைச் சந்திக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது? எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்புக்கு முன் திருமணம் செய்வதா, பின்பா?


ஆயர் குடும்பத்துப் பெண் எழுதியது:

தம்பி, இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆயர்களைவிட ஆயர்களின் மனைவிமார் சரியாகப் பதில் சொல்வார்கள்.

திருமண்டலம் அனுப்பும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்திலும் விடுதிச் செலவிலும் உதவி கிடைக்கும். வீட்டுச் செலவுக்கு ஒன்றும் கிடைக்காது. எனவே நேர்காணலின்போதே அம்மாவின் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வாவதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழியும் என்பதால், இப்போதிருந்தே சிறுகச் சிறுக ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் மருந்துச் செலவை யார் ஏற்பது என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, முன்போ பின்போ, பெண் வீட்டாரிடம் ஆயர் வேலை என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆயர் இல்லம் நமக்குச் சொந்தமில்லை. சமையலறையில் ஓர் அலமாரி அடிக்கவும் குழுவைக் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது பாதி ஆண்டில் மாற்றல் வரும். பண்டிகை நாட்களில் எல்லார் வீட்டிலும் குடும்பம் கூடும். நம் வீட்டில் ஆயர் மூன்றாவது ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். என் கணவர் முழுக் குருப்பட்டம் பெற்ற நாளில், பேராயரும் சுற்றிநின்ற ஆயர்களும் சேர்ந்து அவர் தலையில் கைகளை வைத்து அழுத்தினார்கள். எழுந்தபோது அவர் கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, இரவெல்லாம் வலித்தது. தைலம் தேய்த்தது நான். அன்று சம்மதமா என்று சபையாரைக் கேட்டார்கள்; மனைவியைத் தனியாக யாரும் கேட்பதில்லை. நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் மனைவிக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தால், அதை விடச்சொல்லும் எந்தச் சபைக்கும் பணிய வேண்டாம் என்பதும் என் கருத்து.


சேகரப் பொருளாளர் எழுதியது:

ஆயரைச் சந்திக்கப் போகும்முன் உங்கள் சபைச் சந்தா நிலுவையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. தீர்மானம் வரும் நாளில் யாராவது ஒருவர் அதைத்தான் முதலில் எழுப்புவார். நானே பலமுறை எழுப்பியிருக்கிறேன்.


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

அதோடு ஞானஸ்நானச் சான்றையும் திடப்படுத்தல் சான்றையும் சபைப் பதிவேட்டிலிருந்து இப்போதே எழுதி வாங்குங்கள். பதிவேட்டில் இருக்கும் ஞானஸ்நானப் பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் வேறுவேறாக இருந்தால், அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதா, பிரமாணப் பத்திரம் போதுமா என்பதைத் திருமண்டல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேர்வுக்கான அறிவிப்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் ஆயருக்கு ஒரு கடிதம் தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன். தனிமடலில் உங்கள் சேகரத்தின் பெயரை மட்டும் அனுப்புங்கள்.